அடி தட்டுதேன்னு பழைய காரைத் தூக்கலாமா? ஸ்பிரிங் முதல் சட்டம் வரை முழு விளக்கம்

குறிஞ்சிப்பாடியிலிருந்து வடலூர் வழியாக நெய்வேலிக்குத் தினமும் பழைய காரில் வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு அந்தச் சத்தம் நல்லாவே தெரியும். வேகத்தடை மேல் முன்சக்கரம் ஏறி இறங்கும். ‘அப்பாடா’ என்று மூச்சு விடும் நேரத்தில் வண்டிக்கு அடியிலிருந்து ‘கர்ர்ர்’ என்று ஒரு உரசல். சைலன்சரா, ஆயில் சேம்பரா என்று இறங்கிக் குனிந்து பார்க்க வேண்டியதுதான். நெய்வேலி டவுன்ஷிப்புக்குள் நுழைந்துவிட்டால் அகலமான சாலைகள், பிரச்சினை இல்லை. ஊருக்குள்ளும் கிராமச் சாலைகளிலும்தான் சிக்கலே.

பலாப்பழ சீசனில் டிக்கியில் நாலு பழம், பின் சீட்டில் மூணு பேர் என்று ஏறிவிட்டால் கேட்கவே வேண்டாம். ‘ஆள் இறங்குங்க, வண்டி தாண்டட்டும்’ என்கிற நிலைமை.

இதற்குத் தீர்வாகப் பலரும் யோசிப்பது ஒன்றுதான். ‘சஸ்பென்ஷனைக் கொஞ்சம் தூக்கிட்டா என்ன?’ ஸ்பிரிங்குக்கு நடுவில் வைக்கும் ரப்பர், ஷாக் அப்சார்பருக்கு மேல் வைக்கும் ஸ்பேசர் எல்லாம் ஆன்லைனில் ஆர்டர் போட்டால் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. மாட்டுவதற்கு வீடியோவும் கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும் என்றே தோன்றும்.

முடியுமா? முடியும். செய்யலாமா? அதற்குத்தான் கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் சட்டம், நிறைய எச்சரிக்கை தேவைப்படுகிறது.

முதலில், கார் ஏன் தட்டுகிறது?

காரின் அடிப்பாகத்தில் மிகத் தாழ்வான இடத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளிதான் கிரவுண்ட் கிளியரன்ஸ். பழைய ஆல்டோவுக்கு இது 160 மி.மீ. முதல் தலைமுறை ஸ்விஃப்ட்டுக்கு 170 மி.மீ. நம் ஊரில் ஓடும் பெரும்பாலான பழைய சின்னக் கார்கள் இந்த எல்லைக்குள்தான் வரும்.

ஆனால் இது ஆள் ஏறாத, புது வண்டியின் கணக்கு. நாலு பேரும் சாமானும் ஏறினால் 40 மி.மீ. இறங்குவதாக வைத்துக்கொள்வோம். 160 என்பது 120 ஆகிவிடும். பத்துப் பதினைந்து வருஷம் ஓடிய வண்டியில் ஸ்பிரிங்கும் தளர்ந்திருக்கும், ரப்பர் புஷ்களும் நசுங்கியிருக்கும். அதில் இன்னும் 10, 15 மி.மீ. போயிருக்கலாம். அதாவது, புத்தகத்தில் எழுதியிருக்கும் உயரம் ஒன்று, ரோட்டில் ஓடும் உயரம் வேறு.

இப்போது வேகத்தடைக்கு வருவோம். இந்தியச் சாலைப் பேரவையின் ஐஆர்சி 99 என்ற வழிகாட்டுதல் வேகத்தடைக்கு அளவு சொல்கிறது. 1988-இல் வெளியாகி 2018-இல் திருத்தப்பட்ட ஆவணம் இது. வளைவான வேகத்தடை என்றால் உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீட்டர். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் சிரமமில்லாமல் தாண்டுவதற்காக வகுக்கப்பட்ட அளவு.

ஆல்டோவின் இரண்டு சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம் 2.36 மீட்டர். 3.7 மீட்டர் அகலமான மேட்டின் மேல் முழு வண்டியும் ஏறி நின்றுவிடும். மேட்டின் வளைவு அவ்வளவு மெதுவானது என்பதால் வண்டியின் நடுப்பகுதியில் குறையும் இடைவெளி சுமார் 41 மி.மீ. மட்டுமே. முழு லோடில் 120 மி.மீ. இருக்கும் வண்டிக்கும் இன்னும் 79 மி.மீ. மிச்சம். தட்டவே தட்டாது.

இனி, ஊர்ப்பக்கம் பார்க்கும் வேகத்தடையை நினைத்துப் பாருங்கள். ஜல்லியும் தாரும் கொட்டி அமுக்கிய மேடு. உயரம் 15 செ.மீ., அகலம் இரண்டடி என்று வைத்துக்கொள்ளலாம். இது இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் அப்படியே அடங்கிவிடும். அதன் முழு 150 மி.மீ. உயரமும் வண்டியின் வயிற்றுக்கு நேராக நிற்கும். 120 மி.மீ. இடைவெளி உள்ள வண்டி உரசித்தான் ஆக வேண்டும்.

சரி, 25 மி.மீ. தூக்கிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். 145 மி.மீ. ஆகும். மேடு 150. இன்னும் தட்டும்!

காரைத் தூக்குவது பற்றிய பேச்சில் பெரும்பாலும் விடுபட்டுப் போகும் கணக்கு இதுதான். அளவோடு கட்டிய வேகத்தடைக்குக் காரைத் தூக்கவே தேவையில்லை. அளவில்லாமல் கட்டிய வேகத்தடைக்கு, வீட்டில் தூக்கும் உயரம் போதாது.

உயரத்தின் மேல் ஏன் இவ்வளவு ஆசை?

2023-24 நிதியாண்டில் இந்தியாவில் விற்ற பயணிகள் வாகனங்களில் சுமார் 60 சதவீதம் எஸ்யூவி உள்ளிட்ட யுட்டிலிட்டி வகைதான். அரசின் வரிக் கணக்கிலும் உயரம் வந்துவிட்டது. 2023 ஜூலையில் ஜிஎஸ்டி கவுன்சில், பெரிய யுட்டிலிட்டி வாகனங்களுக்கான கூடுதல் செஸ்ஸை யாருக்குப் போடுவது என்று தெளிவுபடுத்தியபோது, நீளம், இன்ஜின் அளவோடு ‘ஆள் ஏறாத நிலையில் 170 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ்’ என்பதையும் ஒரு அளவுகோலாக வைத்தது.

புது எஸ்யூவி வாங்க வசதி இருப்பவர் வாங்கிவிடுகிறார். மீதிப் பேர் இருக்கும் வண்டியை எப்படியாவது ஓட்டத்தான் பார்க்கிறார்கள். பழைய காரை வைத்துக்கொள்வதும் இப்போது சும்மா வருவதில்லை. 15 வருஷம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. அப்படிச் செலவு செய்து காப்பாற்றிய வண்டியின் சேம்பர் ஒரு வேகத்தடையில் உடைந்தால் வயிறு எரியத்தான் செய்யும். எனவே தூக்க நினைப்பவரை ‘பந்தாவுக்குச் செய்கிறார்’ என்று தள்ளிவிட முடியாது. பெரும்பாலும் அது தேவையிலிருந்து வரும் யோசனை.

தூக்கும் வழிகள் என்னென்ன? ஒவ்வொன்றும் என்ன செய்கிறது?

*ஸ்பிரிங் நடுவில் வைக்கும் ரப்பர்:* விலை குறைவு, மாட்டுவது சுலபம். அதனால்தான் அதிகம் விற்கிறது. ஸ்பிரிங்கின் இரண்டு சுற்றுகளுக்கு நடுவில் இதைத் திணித்தால் அந்தச் சுற்றுகள் வேலை செய்வதை நிறுத்திவிடும். மீதிச் சுற்றுகள்தான் மொத்தப் பாரத்தையும் தாங்க வேண்டும். வண்டி கொஞ்சம் உயரும், கூடவே கட்டையாகவும் ஆகும். சின்னப் பள்ளம்கூட முதுகில் தெரியும். பல வருஷம் துருவேறிய ஸ்பிரிங் என்றால் ரப்பர் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் முறியும் வாய்ப்பும் உண்டு.

*ஸ்ட்ரட் மேல் வைக்கும் ஸ்பேசர்:* முன்பக்க ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒரே செட்டாக இருப்பதை ஸ்ட்ரட் என்பார்கள். அதன் தலைக்கும் பாடிக்கும் நடுவில் அலுமினியம் அல்லது பாலியூரித்தேன் வில்லை வைப்பது இந்த முறை. ஸ்பிரிங்கைத் தொடுவதில்லை, எனவே சொகுசு அவ்வளவாக மாறாது. ஆனால் சக்கரம் பாடியை விட்டு அதே அளவு கீழே தள்ளிப் போகிறது. லோயர் ஆர்ம், டை ராட், ஆக்சில் எல்லாம் கம்பெனி நினைக்காத சாய்வில் நிற்கும். ஆக்சில் நீளம் 35 செ.மீ. என்று எடுத்துக்கொண்டால், 30 மி.மீ. தூக்கும்போது சிவி ஜாயின்ட்டின் சாய்வு சுமார் 5 டிகிரி கூடுகிறது. பூட் சீக்கிரம் கிழியும், வளைவில் ‘கடக் கடக்’ சத்தம் வரும்.

*உயரமான ஸ்பிரிங்:* ஷாக் அப்சார்பர் அதே நீளம், ஸ்பிரிங் மட்டும் உயரம் என்றால், சக்கரம் பள்ளத்தில் இறங்க வேண்டிய தூரம் குறைந்துவிடும். மேட்டைத் தாண்டியதும் ஷாக் முழுசாக நீண்டு ‘டங்’ என்று இழுத்து நிற்கும். அந்த ஒரு நொடி டயருக்குத் தரையில் பிடிமானம் குறையும்.

*பெரிய டயர்:* பலரும் யோசிக்காத, ஆனால் கணக்கு எளிதான வழி. 165/80 ஆர்14 டயருக்குப் பதில் 175/80 ஆர்14 போட்டால் விட்டம் 16 மி.மீ. கூடும். வண்டி உயர்வது அதில் பாதி, 8 மி.மீ. மட்டும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நிஜ வேகம் சுமார் 61.5. இதற்கு மேல் பெரிதாகப் போனால் திருப்பும்போது டயர் மட்கார்டில் உரசும், பிக்கப்பும் குறையும்.

*பட்டை சேர்ப்பது:* ஆம்னி, அம்பாசடர் மாதிரி பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங் உள்ள வண்டிகளுக்கு ஒரு பட்டை சேர்த்துக் கட்டுவது பட்டறைகளில் நீண்ட நாள் பழக்கம். 2014 மே மாதம் உற்பத்தி நின்ற அம்பாசடர் இன்னும் சில இடங்களில் நிமிர்ந்து ஓடுவதற்கு இப்படிப்பட்ட பட்டறைக் கைகளும் ஒரு காரணம். ஆனால் காயில் ஸ்பிரிங் வண்டிக்கு அந்தச் சுலபம் கிடையாது.

தூக்கினால் வேறு என்ன மாறும்?

மூன்று விஷயங்களைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

ஒன்று, நிலைத்தன்மை. இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் இடையிலான அகலத்தை, வண்டியின் எடை மையம் இருக்கும் உயரத்தின் இரு மடங்கால் வகுத்துப் பார்ப்பது ஒரு கணக்கு. வண்டி கவிழும் வாய்ப்பை மதிப்பிட அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு இதைத்தான் பயன்படுத்துகிறது. அகலம் 1,300 மி.மீ., எடை மைய உயரம் 530 மி.மீ. என்றால் 1.23 வரும். 30 மி.மீ. தூக்கினால் 1.16. சுமார் 5 சதவீதம் குறைகிறது. ஊருக்குள் 30-இல் போகும்போது இது தெரியாது. நெடுஞ்சாலையில் 80-இல் போகும்போது மாடு குறுக்கே வந்து ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பினால் தெரியும்.

இரண்டு, ஹெட்லைட். முன்பக்கத்தை மட்டும் 25 மி.மீ. தூக்கினால், சுமார் 2.4 மீட்டர் சக்கர இடைவெளி உள்ள காரில் 25 மீட்டர் தூரத்தில் வெளிச்சம் 26 செ.மீ. மேலே போய்விடும். லோ பீம் பொதுவாக ஒரு மீட்டருக்கு ஒரு செ.மீ. அளவில் கீழ்நோக்கி இருக்கும்படி வைக்கப்படுகிறது. அந்தச் சரிவு முழுசாகக் காணாமல் போகிறது. டிம் போட்டாலும் எதிரே பைக்கில் வருபவருக்குக் கண் கூசும். நம் வண்டியைக் காப்பாற்றப் போய் இன்னொருவரை ரோட்டோரப் பள்ளத்தில் இறக்கிவிடக் கூடாது.

மூன்று, பிரேக். சில கார்களில் பின்பக்கம் எவ்வளவு பாரம் இருக்கிறது என்பதைப் பாடிக்கும் ஆக்சிலுக்கும் உள்ள இடைவெளியை வைத்து ஒரு வால்வு கண்டுபிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கினால் ‘லோடு இல்லை போல’ என்று நினைத்து அது பின் பிரேக் அழுத்தத்தைக் குறைத்துவிடும். பிரேக் ஹோஸும் கூடுதலாக இழுபடும்.

மழை, வெள்ளத்துக்கு உதவாதா?

கடலூர் மாவட்டத்தில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. 2015 நவம்பர் வெள்ளத்தையும், 2024 ஃபெஞ்சல் புயலையும் பார்த்த மாவட்டம் இது. பரவனாறு பெருகினால் குறிஞ்சிப்பாடி சுற்றுவட்டாரத்தில் வயலும் ரோடும் ஒன்றாகிவிடும்.

உண்மை என்னவென்றால், 25 மி.மீ. உயரம் வெள்ளத்தில் எந்த வித்தியாசமும் செய்யாது. ஓடும் தண்ணீர் ஒரு அடி இருந்தாலே சின்னக் கார் மிதக்க ஆரம்பிக்கலாம். ஏர் ஃபில்டர் வழியாக இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். இன்ஜினுக்கென்று தனிப் பாதுகாப்பு எடுக்காத பாலிசியில் அந்தச் செலவு பெரும்பாலும் கிடைக்காது. ‘வண்டியைத் தூக்கியிருக்கேன், போயிடலாம்’ என்ற தைரியம்தான் இதில் பெரிய ஆபத்து.

சட்டம் என்ன சொல்கிறது?

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கும் பதிவுச் சான்றிதழுக்கும் முரண்படும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரி 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் இதை இன்னும் இறுக்கியது. தயாரிப்பாளரின் அசல் அமைப்பை மாற்றும் வகையில் வாகனத்தைத் திருத்தக் கூடாது, நிறம் மாற்றுவது மாதிரியான சின்ன மாற்றங்களை வேறாகப் பார்க்கலாம் என்பது தீர்ப்பின் சாரம்.

அதே வருஷம் வந்த திருத்தச் சட்டம் தண்டனையையும் எழுதிவைத்தது. பிரிவு 182ஏ (4)-இன் படி, அனுமதிக்கப்படாத முறையில் வாகனத்தை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

‘ஆர்சி புக்கில் கிரவுண்ட் கிளியரன்ஸ்னு ஒரு கட்டமே இல்லையே, அப்புறம் எப்படித் தப்பாகும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. வாதமாகக் கேட்க நன்றாக இருக்கிறது. விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் முன்னால் நின்று இதைச் சொல்வது வேறு. வண்டியில் செய்த மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால் கிளெய்ம் கேள்விக்குள்ளாகும். 15 வருஷம் முடிந்து எஃப்சி-க்குப் போகும்போதும், அதன்பின் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறையும் ஆய்வாளர் வண்டியைப் பார்ப்பார்.

தேய்ந்த பாகத்தைக் கழற்றிவிட்டு, அதே மாடலுக்கான புதிய பாகத்தைப் போடுவதற்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. அது மாற்றம் இல்லை, பராமரிப்பு.

அப்படியென்றால் என்ன செய்யலாம்? முதலில் அளந்து பாருங்கள்

தூக்குவதற்கு முன்னால், வண்டி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஒரு இன்ச் டேப் போதும்.

வண்டியைச் சமதளமான சிமென்ட் தரையில் நிறுத்துங்கள். காற்று சரியாக இருக்கட்டும், டிக்கியில் சாமான் வேண்டாம். வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டி விட்டால் சஸ்பென்ஷன் செட் ஆகும். பிறகு ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். நடுப்புள்ளியிலிருந்து அளந்தால் டயர் தேய்மானம் கணக்கில் குழப்பம் செய்யாது.

அதே மாடலின் புதிய ஸ்பிரிங் போட்ட வண்டி தெரிந்தவரிடம் இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். இடது வலது பக்கங்களுக்குள் 10, 15 மி.மீ. வித்தியாசம் இருந்தால் ஒரு பக்க ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அல்லது அடிச்சுற்று முறிந்திருக்கலாம். அடிச்சுற்று சேறும் துருவும் சேரும் இடம் என்பதால் அங்கேதான் அடிக்கடி முறியும். ஷாக் அப்சார்பரில் ஆயில் கசிவு, மேல் மவுண்ட் ரப்பரில் வெடிப்பு, பம்ப் ஸ்டாப் உதிர்ந்துபோன அடையாளம் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

பல பழைய வண்டிகளுக்கு, அசல் ஸ்பிரிங், ஷாக், மவுண்ட், பம்ப் ஸ்டாப் நான்கையும் புதுசாக மாற்றினாலே இழந்த உயரம் திரும்பக் கிடைத்துவிடும். 15 மி.மீ. கிடைத்தால்கூட, அது ரப்பர் திணித்துக் கிடைக்கும் 15 மி.மீ. மாதிரி இல்லை. சொகுசு, பிரேக், ஹெட்லைட் எல்லாம் கம்பெனி கணக்குக்கே திரும்பிவிடும். சட்டமும் கேள்வி கேட்காது.

எதை வீட்டில் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது?

வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

*பின்பக்கம்:* ஸ்பிரிங் தனி, ஷாக் தனி என்று இருக்கும் கார்களில், பழக்கமுள்ள ஒருவர் துணையோடு ஸ்பிரிங் மாற்றும் வேலையை வீட்டில் செய்யலாம்.

• சிமென்ட் தரை கட்டாயம். இந்தப் பக்கத்துச் செம்மண் வாசலிலும் மணலிலும் ஸ்டாண்டு புதைந்து சாயும்.

• பின்பக்கத்தைத் தூக்கும்போது ஹேண்ட்பிரேக்கை நம்பாதீர்கள். பெரும்பாலான கார்களில் அது பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும், அந்தச் சக்கரம் இப்போது அந்தரத்தில் இருக்கிறது. முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள், கியரில் போடுங்கள்.

• வண்டியோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டும். அதை நம்பி அடியில் போகவே கூடாது. கம்பெனி குறித்திருக்கும் இடத்தில் இரண்டு ஜாக் ஸ்டாண்டு வைத்து, வண்டியை அதன் மேல் இறக்கி, கையால் ஆட்டிப் பார்த்த பிறகே வேலை. கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் தள்ளி வையுங்கள். ஸ்டாண்டு கைவிட்டாலும் அது தாங்கும்.

• துருப்பிடித்த போல்ட்டுக்கு முந்தின நாளே துரு நீக்கும் ஆயில் அடித்து விடுங்கள்.

• ஆக்சிலுக்கு அடியில் இன்னொரு ஜாக்கி கொடுத்துவிட்டுத்தான் ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்ற வேண்டும். ஆக்சிலை மெதுவாக இறக்குங்கள். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இறக்குங்கள்.

• புதிய ஸ்பிரிங்கின் முனை அதன் குழியில் சரியாக உட்கார வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள்.

• புஷ் இருக்கும் போல்ட்டுகளை, சக்கரம் தரையில் நின்று பாரம் ஏறிய பிறகே இறுதியாக இறுக்குங்கள். அந்தரத்தில் இறுக்கினால் புஷ் எப்போதும் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும். பலரும் தவறவிடும் இடம் இது.

• சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள். 50, 100 கி.மீ. ஓடியதும் வீல் நட்டுகளை மறுபடி சோதியுங்கள்.

*முன்பக்கம்:* ஸ்ட்ரட்டைப் பிரித்து ஸ்பிரிங்கை எடுக்கும் வேலையை வீட்டில் செய்ய வேண்டாம். காரணம் எளிது. அந்த ஸ்பிரிங் எப்போதும் அமுங்கிய நிலையில்தான் இருக்கிறது. ஒரு மி.மீ. அமுக்க 20 நியூட்டன் தேவைப்படும் ஸ்பிரிங்கை 120 மி.மீ. அமுக்கினால் அது சுமார் 245 கிலோ பாரத்துக்குச் சமமான விசையோடு விடுபடத் துடிக்கும். சேர்ந்திருக்கும் ஆற்றல், 15 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போடுவதற்குச் சமம். மலிவான ஸ்பிரிங் கம்ப்ரசர் நழுவினால், எதிரில் இருப்பது முகமாக இருக்கலாம். முழு ஸ்ட்ரட்டையும் பட்டறைக்குக் கொண்டுபோய், அதற்கென்று இருக்கும் பிரஸ்ஸில் கொடுத்து மாற்றி வாங்குங்கள்.

வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட்டும் ஹெட்லைட் சோதனையும் கட்டாயம்.

யாராக இருந்தாலும் செய்யக் கூடாதவையும் உண்டு. ஸ்பிரிங்கை வெல்டு வைப்பது, சூடு காட்டி இழுப்பது, லேத் பட்டறையில் கண்ட இரும்பில் வில்லை கடைந்து வைப்பது, வாஷர்களை அடுக்குவது, மரக்கட்டை செருகுவது. இதெல்லாம் நிற்கும் வரைதான் நிற்கும்.

வண்டியை மட்டும் திருத்தினால் போதுமா?

போதாது. மேலே பார்த்த கணக்குக்கே திரும்ப வருவோம். 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் என்ற அளவில் வேகத்தடை இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது.

வேகத்தடையே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில், சந்தை நாளில், தைப்பூசத்துக்கு வடலூரை நோக்கிக் கூட்டம் நடந்து போகும்போது வேகத்தைக் குறைக்க ஏதோ ஒன்று வேண்டும். லாரி வேகமாகப் போய் ஒரு உயிர் போன இடத்தில், ஊர்க்காரர்கள் கோபத்தில் கேட்டு வாங்கிய மேடாகக்கூட அது இருக்கலாம். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அளவில்லாத மேடு லாரியைவிட, பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகும் அம்மாவுக்கும், ஆம்புலன்ஸில் படுத்திருப்பவருக்கும்தான் அதிகம் வலிக்கும். வெள்ளைக் கோடும் எச்சரிக்கைப் பலகையும் இல்லாத மேடு இரவில் உயிரையே எடுக்கும்.

ரோடு உயர்ந்துகொண்டே போவதும் இதோடு சேர்ந்த பிரச்சினை. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே போட்டதால் வீட்டு வாசல் தாழ்ந்து, அதற்குச் சாய்தளம் கட்டி, அந்தச் சாய்தளத்திலேயே கார் தட்டும் வீடுகள் எத்தனையோ. சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தியது நினைவிருக்கலாம். அது தெருவுக்குத் தெரு நடக்கிறதா என்று பார்க்க வேண்டிய பொறுப்பு உள்ளாட்சிகளுக்கு இருக்கிறது.

எனவே கேட்க வேண்டியது மூன்று. நெடுஞ்சாலைத் துறையும் பேரூராட்சி, ஒன்றிய நிர்வாகங்களும் தங்கள் எல்லையில் இருக்கும் வேகத்தடைகளை அளந்து, அளவு மீறியவற்றை வெட்டித் திருத்த வேண்டும். புதிதாகப் போடும்போது ஒப்பந்தப் பத்திரத்திலேயே ஐஆர்சி அளவை எழுத வேண்டும். சஸ்பென்ஷன் விஷயத்தில் எது பராமரிப்பு, எது விதிமீறல் என்று போக்குவரத்துத் துறை சாதாரணத் தமிழில் ஒரு பக்க விளக்கம் வெளியிட வேண்டும். ஆன்லைனில் பொருளை விற்க விட்டுவிட்டு, மாட்டியவரிடம் மட்டும் அபராதம் கேட்பது சரியில்லை.

வாசகர்களும் ஒன்று செய்யலாம். இன்ச் டேப்பை எடுத்துக் காரை அளந்த கையோடு, தினமும் தட்டும் வேகத்தடையையும் அளந்துவிடுங்கள். உயரம், அகலம், ஒரு போட்டோ. பேரூராட்சித் தெரு என்றால் பேரூராட்சி அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். மாநில நெடுஞ்சாலைத் துறைச் சாலை என்றால், சாலைப் பழுதுகளைப் புகார் செய்ய 2023-இல் தொடங்கப்பட்ட ‘நம்ம சாலை’ செயலியும் இருக்கிறது. ‘வேகத்தடை ரொம்ப உயரம்’ என்று சொல்வதைவிட ‘10 செ.மீ. இருக்க வேண்டியது 16 செ.மீ. இருக்கிறது’ என்று எழுதிக் கொடுத்தால் பதில் சொல்லாமல் நகர்த்திவிடுவது கஷ்டம்.

சுருக்கமாக

• கார் தட்டுகிறது என்றால் முதலில் அளந்து பாருங்கள். பழைய ஸ்பிரிங் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

• அசல் பாகங்களைப் புதுப்பிப்பது பாதுகாப்பானது, சட்டப்படியும் சிக்கல் இல்லாதது.

• ரப்பர், ஸ்பேசர் வைத்துத் தூக்குவது ஹெட்லைட், பிரேக், ஆக்சில், நிலைத்தன்மை எல்லாவற்றையும் தொடும். அபராதமும் காப்பீட்டுச் சிக்கலும் வரலாம்.

• பின் ஸ்பிரிங்கைத் துணையோடு வீட்டில் மாற்றலாம். முன் ஸ்ட்ரட்டைப் பிரிக்கப் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

• அளவு மீறிய வேகத்தடைக்குத் தீர்வு காரில் இல்லை, ரோட்டில் இருக்கிறது. அளந்து, போட்டோவோடு புகார் கொடுங்கள்.